சிவப்புக் கொடிக்கயிறு

ஜனவரி 23

இந்த டைரி என் வீட்டுக்காரருடையது. பலூன் கம்பெனியில் வருஷப் பிறப்புக்குக் கொடுத்தது. அட்டையில் பலூன் படம் இருக்கிறது. ஒன்றாம் தேதியிலிருந்து பதினாறாம் தேதி வரை அவர் எழுதியிருக்கிறார். நான் அதைப் படிக்கவில்லை. அந்தத் தாள்களை ஒன்றாகச் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டுவிட்டு இந்தப் பக்கத்தில் ஆரம்பிக்கிறேன்.

சென்னையிலிருந்து விசாரணை அதிகாரி வந்திருந்தார். இளங்கண்ணன் என்று பேர். மெதுவாகப் பேசுகிற மனுஷன். போகும்போது சொன்னார், "எது ஞாபகம் வந்தாலும் தேதி போட்டு எழுதி வையுங்கம்மா. பிப்ரவரி அஞ்சு, தாலுகா ஆபீஸ்ல விசாரணை. அன்னிக்குக் கொண்டு வாங்க."

"எட்டாவதுதானுங்க படிச்சிருக்கேன்."

"எட்டாவது போதும்மா."

அதனால் எழுதுகிறேன். என் பேர் சாந்தாமணி. மஞ்சி மில்லில் வேலை. தேங்காய் மட்டையை நார் உரித்துக் கயிறு திரிக்கிற மில். வீட்டுக்காரர் பேர் திருமூர்த்தி. பலூன் கம்பெனியில் ஆறு வருஷம் தரை வேலை பார்த்தார். ஒரே மகள் கிருத்திகா, பதினொன்றாவது.

அதிகாரி கேட்டது: அவர் குடிப்பாரா. இல்லை. பலூனில் கயிறு வேலை எல்லாம் அவர்தானா. ஆமாம். சிவப்புக் கயிற்றை எப்போது மாற்றினார்கள். தெரியாது என்றேன்.

துணி துவைத்தேன். செம்பருத்திச் செடி மேல் காயப் போட்டேன்.

ஜனவரி 24

நடந்ததை எழுதச் சொன்னார். நான் பார்க்கவில்லை. அவரோடு வேலை செய்த நாச்சிமுத்து அண்ணன் சொன்னதை எழுதுகிறேன்.

பலூனின் உச்சியில் ஒரு மூடி இருக்கிறது. அதிலிருந்து ஒரு சிவப்புக் கயிறு உள்ளேயே தொங்கி, நெருப்பு எரிகிற பர்னருக்குப் பக்கத்திலேயே வந்து, கூடையில் நிற்கிற பைலட் கைக்குக் கிடைக்கும். இறங்கும்போது பைலட் அதை இழுத்தால் மூடி திறந்து சூட்டுக்காற்று வெளியே போய்விடும். பலூன் படுத்துவிடும். இழுக்காவிட்டால் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போகும்.

பதினேழாம் தேதி காலை ஏழரை மணி. சோளம் அறுத்த காட்டில் கூடை தரையைத் தொட்டது. பைலட் ஜோபி கயிற்றை இழுத்தார். கயிறு அறுந்து கையோடு வந்துவிட்டது. காற்று அடித்தது. கூடைக்கு வெளியே தொங்கிய வேறொரு கயிற்றைக் கீழே இருந்த மூன்று பேர் பிடித்தார்கள். நாச்சிமுத்து அண்ணன், டிரைவர், இவர். கூடை மேலே கிளம்பியது. ஆள் உயரம் போனதும் இரண்டு பேர் விட்டுவிட்டார்கள்.

"விட்றா மூர்த்தி, விட்றான்னு கத்துனேன் அம்மிணி. விடலை. தென்னமரம் தாண்டிப் போனான்."

வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் விழுந்தார்.

பலூன் அந்தப் பக்கம் போய்க் கல்வேலியில் மோதியது. ஜோபிக்கு இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. ஏறியிருந்த நாலு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். ஒரு அம்மா மட்டும் இன்னும் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில். கேஸ் ஜோபி மேல் போட்டிருக்கிறார்கள்.

ஏன் விடவில்லை? ஆறு வருஷமாக இந்த வேலை. புதுசாக வருகிறவர்களுக்கு முதலில் அவர் சொல்லிக் கொடுப்பதே அதுதான். காலடி தரையை விட்டால் கையை விடு.

ஜனவரி 25

சுவரில் மாட்டியிருந்த ஆயுத பூஜை போட்டோவைக் கழற்றி அலமாரிக்குள் வைத்தேன்.

ஜனவரி 26

கிருத்திகா பள்ளிக்கூடத்துக் கொடியேற்றத்துக்குப் போக வேண்டும். யூனிபார்ம் ஈரம். மில்லிலிருந்து கொண்டு வந்த தேங்காய்க் கயிற்றை முந்தாநாள் வேப்பமரத்துக்கும் பாத்ரூம் சுவருக்கும் கட்டியிருந்தேன். இரண்டு சேலை போட்டதும் தொங்கித் தரையில் புரள்கிறது.

"பழைய கொடி எங்கம்மா?"

"அறுந்து போச்சு."

"அதா? அது அறுந்துச்சா?"

"அறுந்துச்சுன்னா விடு கண்ணு."

என்னைப் பார்த்தாள். ஈரத்தோடு போட்டுக்கொண்டு போனாள்.

ஜனவரி 28

மேனேஜர் ஜெகதீசன் சார் வந்தார். ஆரஞ்சும் பிஸ்கட்டும் வாங்கி வந்திருந்தார். நாற்காலியில் துணி கிடந்தது. அதை எடுப்பதற்குள் அரிசி டிரம்மின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அதுல உக்காராதீங் சார். மூடி அமுங்கிக்கும்."

"பரவால்லக்கா. நான் என்ன அவ்வளவு கனமா?" என்று சிரித்தார்.

டீ வைத்தேன். டிரம்மையே பார்த்துக்கொண்டு ஊற்றியதில் கொஞ்சம் சிந்தியது. அவர் அதைத் துக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

"ஊர்ல ஒண்ணு பேசறாங்கக்கா. சொல்லலாமான்னு தெரியலை. நல்ல சிவப்புக் கயித்த அண்ணன் கழட்டி வீட்டுக்குக் கொண்டு போயிட்டு, கடையில விக்கிற நைலான மாட்டிட்டாருன்னு. நான் நம்பலை. ஆனா அதிகாரி நம்பிட்டா? செத்த மனுசனுக்குத் திருட்டுப் பட்டம். கிருத்திகா தலை நிமிந்து நடக்க முடியுமா?"

சிந்திய டீயைத் துடைத்தேன்.

"பழைய கயிறு ஏதாச்சும் வீட்ல கெடக்குதாக்கா?"

"இல்லீங் சார்."

"இருந்தா எரிச்சுப் போடுங்க. அண்ணனுக்கு நல்லது. அப்புறம் கம்பெனி டைரி ஒண்ணு அண்ணன்கிட்ட இருக்குமே."

"புள்ள கணக்குப் போடறதுக்கு எடுத்துட்டா."

பின்னாலேயே வாசல் வரைக்கும் போனேன். வண்டி திரும்பிய பிறகு வந்து டிரம்மைத் திறந்து பார்த்தேன். அரிசி வைத்தபடியே இருந்தது.

ஜனவரி 29

இன்றுதான் மறுபடி மில்லுக்குப் போனேன். யாரும் என்னிடம் கயிறு காட்டவில்லை. மற்ற நாளாக இருந்தால் நாலு பேராவது, அக்கா இது தேறுமா பாரு என்று நீட்டுவார்கள்.

ஜனவரி 30

எரித்துப் போடுங்கள் என்றார். காலையில் கிருத்திகா போன பிறகு கேஸ் அடுப்பைப் பற்ற வைத்தேன்.

குடத்தில் கட்டியிருந்த நைலான் கயிற்றில் ஒரு துண்டு வெட்டிக் காட்டினேன். தீ தொடுவதற்கு முன்னாலேயே சுருங்கி, உருகி, சொட்டியது. ஆறிய பிறகு கண்ணாடி மணி போல் இறுகிக் கிடந்தது.

இன்னொன்றில் ஒரு சாண் காட்டினேன். கருத்தது. அவ்வளவுதான். இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன். என் விரல்தான் அறுபட்டது.

எரித்துப் போடச் சொன்னவருக்கு அது எரியாது என்று தெரியாதா? அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மில்லுக்குப் போகவில்லை.

பிப்ரவரி 1

ஜோபியின் அக்கா வந்தாள். பேர் ஷைனி. பாலக்காட்டில் நர்ஸ். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். சண்டைக்கு வந்தவள் என்று நினைத்து வாசலிலேயே நின்றேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சேச்சி, அவனுக்கு எழுந்து வர முடியாது. அதான் நான் வந்தது."

தண்ணீர் கொடுத்தேன். பாதி குடித்தாள்.

"அவன் கயிறு இழுத்தான் சேச்சி. கையோட வந்துடுச்சு. யாரும் நம்பலை. இழுக்காம பயந்து நின்னான்னு கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கு. லைசென்ஸ் போகும். ஜெயில்னு வக்கீல் சொல்றார்."

"தம்பிக்கு வலி எப்படி இருக்குதுங்க?"

"வலி இருக்கு. தூங்கறதில்லை. ஒரே ஒரு காரியம் எங்கிட்ட மட்டும் சொன்னான். அதை உங்கிட்டக் கேக்கணும்னுதான்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "திருமூர்த்தி ஏட்டன் கீழே கயித்துல தொங்கிட்டு மேலே பாத்துக் கத்தினாராம். 'கயிறு வராது தம்பி, பர்னர் கேஸை நிறுத்து, கேஸை நிறுத்து'ன்னு. கயிறு அறுந்ததை இவன் அப்போ யார்கிட்டயும் சொல்லவே இல்லை சேச்சி. கூடைக்குள்ள நடந்தது கீழே இருந்து தெரியாது. வராதுன்னு ஏட்டனுக்கு எப்படித் தெரியும்?"

தெரியாது என்றேன்.

"இதை அதிகாரிகிட்டச் சொல்லுடான்னு நான் கெஞ்சினேன். மாட்டேங்கறான். எனக்காகத் தொங்கின மனுசன், அவர் பேரை நான் கெடுக்க மாட்டேன்னு சொல்றான். இருபத்தெட்டு வயசு சேச்சி அவனுக்கு."

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். நானே அரிசி எடுத்தேன், அவளை டிரம் பக்கம் விடவில்லை. ரசமும் அப்பளமும். கை கழுவிவிட்டு ஈரக் கையோடு கொல்லையில் நின்று, "துணியெல்லாம் செடி மேல போட்டிருக்கே, கிளையில மாட்டிக் கிழியாதா?" என்றாள்.

பஸ் ஏறும் வரைக்கும் நின்றேன். ஜோபியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டேன். அவள் அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை.

பிப்ரவரி 2

ரப்பர் பேண்டைக் கழற்றினேன்.

ஒன்றாம் தேதியிலிருந்து படித்தேன். எல்லாம் இரண்டு வரி, மூன்று வரி. எத்தனை சிலிண்டர், காற்று எந்தப் பக்கம், யார் லீவு. பொங்கல் அன்று மட்டும், "கிருத்தி கோலம் போட்டாள், பலூன் கோலம், நன்றாக இருந்தது."

பதினைந்தாம் தேதியில் அவர் எழுதியிருப்பதை அப்படியே எழுதுகிறேன்.

"பூஜைக்கு மாற்றிய சிவப்புக் கயிறு பர்னருக்கு மேலே நாலு விரல் நீளம் கண்ணாடி மாதிரி இறுகி இருக்கிறது. மேனேஜர் சாரிடம் காட்டினேன். ஒரிஜினல் கயிறு வெளியூரிலிருந்து வர வேண்டும், பொங்கல் கூட்டம் முடியட்டும் என்றார். பைலட்டிடம் சொல்லிப் பயமுறுத்தாதே என்றார். சரி என்றேன்."

சரி என்றேன். அவர் எல்லோரிடமும் அப்படித்தான்.

இனி நான் சொல்ல வேண்டியது. இளங்கண்ணன் சார், இருபத்து மூன்றாம் தேதி உங்களிடம் தெரியாது என்றேன். தெரியும்.

போன ஆயுத பூஜை அன்று மாற்றினார்கள். கம்பெனி ஷெட்டில் கூடையைக் கழுவிச் சந்தனம் வைத்து, பர்னருக்கு மாலை போட்டு, அம்மன் படத்துக்கு முன்னால் எல்லாச் சாமானையும் பரப்பியிருந்தார்கள். வேலைக்காரர்கள் வீட்டுப் பெண்களும் போயிருந்தோம். சிவப்புக் கயிறு சுருட்டி வைத்திருந்தது. கரி பிடித்து, மேலெல்லாம் பிசிறு பிசிறாக இருந்தது. நான் அதை எடுத்து விரலால் உருட்டினேன். தேங்காய்க் கயிற்றில் பிசிறு விட்டால் உள்ளே இற்றுவிட்டது என்று அர்த்தம். பத்தொன்பது வருஷம் அந்த வேலைதான் பார்க்கிறேன்.

"இது இத்துப் போச்சுங் சார். அம்மன் காலடியில இப்படியா கரிக் கயித்த வெக்கறது? புதுசு வாங்கப்படாதா?" என்றேன்.

மேனேஜர் சார் சிரித்தார். "கயித்துக்கு அக்காதான் டாக்டர். டாக்டரே சொன்னப்புறம் என்ன? யாராச்சும் போய்ச் சிவப்புல நல்லதாப் பாத்து வாங்கிட்டு வாங்கப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். எனக்குப் பெருமையாக இருந்தது. கடைவீதிக்கு ஆள் போய், பளபளவென்று நைலான் கயிறு வந்தது. மஞ்சள் தடவிப் பொட்டு வைத்தார்கள். அந்தப் போட்டோவில் புதுக் கயிற்றைத் தாம்பாளத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டு நிற்பது நான்தான். இவர் மட்டும், "கம்பெனிக் கயிறு வேறங்க, கேட்டுட்டு மாத்தலாமுங்களா?" என்று ஒரு தடவை கேட்டார். மழைக்காலம், பலூன் பறக்கப் போவதில்லை, சீசனுக்குள் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

பழைய கயிற்றைக் குப்பையில் போடப் போனார்கள். கொடி கட்ட ஆகும் என்று நான்தான் கேட்டு வாங்கி வந்தேன். இவர் திருடவில்லை. கேட்டது நான், கொடுத்தது மேனேஜர்.

கார்த்திகை முழுக்க மழை. மூன்று பேர் ஈரத் துணி, போர்வை, எல்லாம் அதில்தான். ஒரு விரல்கூட இறங்கவில்லை. இற்றுப்போன கயிறு அப்படி நிற்குமா? எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. நான் டாக்டர் இல்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை. நல்ல கொடி கிடைத்துவிட்டது என்று இருந்துவிட்டேன்.

இதோடு முடிந்துவிட்டது என்று நினைத்துத்தான் தாளைத் திருப்பினேன். அந்தத் தாளின் பின்பக்கம்தான் பதினாறாம் தேதி.

பிப்ரவரி 3

மேனேஜர் போன் செய்தார்.

"அக்கா, டைரியில நீங்க என்னமோ எழுதறதா அதிகாரி சொன்னார். புள்ள கணக்குப் போடறான்னீங்க?"

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"எதுவா இருந்தாலும் நம்ம குடும்பம்க்கா. அஞ்சாம் தேதி உள்ள போறதுக்கு முன்னாடி எங்கிட்டக் குடுங்க. ஒரு பார்வை பாத்துட்டு நானே குடுத்தர்றேன். அண்ணன் பேரு உங்க கையிலதான் இருக்குது."

சரி என்றேன். நானும் அதையே சொல்கிறேன்.

பிப்ரவரி 4

காலையில் பிளேடை எடுத்துக்கொண்டு டைரி முன்னால் உட்கார்ந்தேன். பதினைந்தாம் தேதி வேண்டும். அது இருந்தால்தான் ஜோபி தப்பிப்பான், இவர் பேரில் திருட்டு நிற்காது. பின்பக்கம் வேண்டாம். இரண்டும் ஒரே தாள். இங்க் ஊற்றலாமா என்று பார்த்தேன். முன்பக்கமும் ஊறிவிடும். சாமி படம் ஒன்றை வெட்டி வைத்து அளவு பார்த்தேன். பசை எடுக்க எழுந்தபோது கிருத்திகா பின்னால் நின்றுகொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் போகவில்லை.

அவள் டைரியை வாங்கிக்கொண்டாள். நான் தடுக்கவில்லை. முன்பக்கம் படித்தாள். பின்பக்கம் படித்தாள்.

பதினாறாம் தேதி இப்படி இருக்கிறது.

"இரண்டு ரைடு. காற்று கம்மி. கயிறு இன்னும் இறுகுகிறது. சாந்தாவிடம் கொடிக்கயிற்றைத் திருப்பிக் கேட்டேன். துணி காயவில்லை, நாளைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். சரி என்றேன். நாளைக்கு முதல் ரைடு முடிந்ததும் வந்து எடுத்துப் போய் மாட்டிவிட வேண்டும்."

அவர் அன்றைக்கு எதற்கு என்று சொல்லவில்லை. "அந்தக் கொடி வேணுமே" என்றார். "பொங்கத் துணி பூராவும் அதுல கெடக்குது. இப்ப அவுத்தா எங்க போடறது? ஒரு கவுறு கடையில வாங்க வக்கில்லையா உங்க கம்பெனிக்கு?" என்று கேட்டேன். அதுதான் அவரிடம் நான் கடைசியாகச் சத்தம் போட்டது.

கிருத்திகா கீழே உட்கார்ந்து மறுபடியும் படித்தாள். பிறகு எழுந்து போய் டிரம்மைத் திறந்து, முழங்கை வரைக்கும் அரிசிக்குள் விட்டு, கயிற்றுச் சுருளை இழுத்து வெளியே எடுத்தாள். தரையெல்லாம் அரிசி.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பத்து நாளா சோறு வடிக்கிறது ஆரும்மா? அரிசி அளக்கற படியில தட்டிக்கிட்டே இருந்துச்சு."

கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு அதில் ஒட்டியிருந்த அரிசியை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டாள்.

"அன்னிக்குக் கொடியில கெடந்தது என்னோட பாவாடைதாம்மா. மறுபடியும் அலசிப் போடுன்னு நாந்தான் உன்னத் தொந்தரவு பண்ணுனேன்."

அவள் அழுதாள். நான் இன்றைக்குத்தான் அழுதேன். சிந்திய அரிசியை இரண்டு பேரும் கூட்டி அள்ளிப் புடைத்தோம். மதியம் அதையே வடித்துச் சாப்பிட்டோம்.

பிளேடைக் குப்பையில் போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 5

தாலுகா ஆபீஸ் வராண்டா. பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே நாச்சிமுத்து அண்ணனை விசாரிக்கிறார்கள். அடுத்தது நான்.

எதிரே ஷைனி நிற்கிறாள். ஜோபியின் எக்ஸ்ரே கவர் அவள் கையில். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், அவ்வளவுதான். கிருத்திகா என் இடது பக்கம். கயிறு அவள் ஸ்கூல் பையில் இருக்கிறது.

வலது பக்கம் மேனேஜர் வந்து உட்கார்ந்தார்.

"டைரி கொண்டாந்தீங்களாக்கா?"

"கொண்டாந்தேனுங்."

"குடுங்க."

"எழுதிட்டிருக்கறனுங். முடிச்சுக்கறேன்."

"இன்னும் என்னக்கா எழுதறீங்க?" என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். நீட்டிய கையை அவர் இன்னும் மடக்கவில்லை. விரலில் மோதிரம் பளபளக்கிறது. சிரிப்பு குறைந்துகொண்டே வருகிறது. கிருத்திகா நகர்ந்து எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டாள். "சார், சித்தெ தள்ளி உக்காருங்" என்கிறாள்.

நாச்சிமுத்து அண்ணன் வெளியே வந்துவிட்டார். என் பேரைக் கூப்பிடுகிறார்கள்.

இளங்கண்ணன் சார், பதினைந்தாம் தேதியைப் படித்ததும் நிறுத்திவிடாதீர்கள். தாளைத் திருப்புங்கள்.